ஊருக்கே தெரிந்த ஒரே வைஃபை பாஸ்வேர்டு: உங்க ஆபீஸ் நெட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?

திருத்தணி பக்கத்துல, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் பொதட்டூர்பேட்டையில் ஒரு சின்ன துணி வியாபார ஆபீஸ் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விசைத்தறி ஊர், வெளியே தறிச் சத்தம். உள்ளே முதலாளி, கணக்குப்பிள்ளை, பில் போடும் இரண்டு பேர், குடோனில் நான்கு பேர். மொத்தம் எட்டு பேர். மூலையில் ஒரு வைஃபை ரவுட்டர். அதோட பாஸ்வேர்டு முதலாளியின் மொபைல் நம்பர்.

இப்போ ஒரு கேள்வி. அந்தப் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்?

எட்டு என்று சொன்னால் தப்பு. போன வருஷம் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போன பையனுக்குத் தெரியும். சிசிடிவி மாட்ட வந்தவருக்குத் தெரியும். நகரியிலிருந்து சரக்கு எடுக்க வந்து, "டவர் இல்ல, யுபிஐ போக மாட்டேங்குது, வைஃபை கொஞ்சம் குடுங்க" என்று கேட்ட வியாபாரிக்குத் தெரியும். அவர் போனிலிருந்து அவர் டிரைவர் போனுக்குப் போயிருக்கும். எதிர்க்கடையில் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தமிழ்நாட்டில் பாதி சின்ன ஆபீஸ்கள் இப்படித்தான் ஓடுகின்றன என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். சரி, இதில் என்ன ஆபத்து? பெரிய கம்பெனிகளில் ஆளுக்கொரு லாகின் வைத்திருக்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது? அதை நம்ம ஊர் ஆபீஸுக்குக் கொண்டுவர முடியுமா? பார்க்கலாம்.

2008-ல் நடந்தது என்ன?

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு, பொறுப்பேற்று ஒரு இமெயில் டிவி சேனல்களுக்குப் போனது. அந்த இமெயில் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் ஐபி முகவரியை வைத்துத் தேடியபோது, அது நவி மும்பையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் போய் நின்றது. அங்கே இருந்தவர் ஒரு அமெரிக்கர். அவரிடம் விசாரணை, கம்ப்யூட்டர்கள் பறிமுதல், நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. கடைசியில் தெரிந்தது என்ன? பாதுகாப்பில்லாமல் இருந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் வந்த இமெயில் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து. செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபையிலிருந்து. இதற்குப் பிறகுதான் 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளில் யார் நுழைகிறார்கள் என்று சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் எட்டு போன் இருந்தாலும் எண்பது போன் இருந்தாலும், வெளி உலகத்துக்குத் தெரிவது பெரும்பாலும் ஒரே ஐபி முகவரிதான். அது யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வாசலுக்குத்தான் போலீஸ் முதலில் வரும். "சார், எங்க ஆபீஸ்ல நிறைய பேர் யூஸ் பண்றாங்க" என்பது அந்த நேரத்தில் பதில் ஆகாது. "யார் யார்?" என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கும் ஆபீஸில் அதற்குப் பதிலே கிடையாது.

பாஸ்வேர்டுதான் போட்டிருக்கோமே?

போட்டிருக்கிறோம். ஆனால் எதைப் போட்டிருக்கிறோம்?

2021-ல் சைபர்ஆர்க் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், வைஃபை சிக்னலைப் பிடிக்கும் கருவியோடு இஸ்ரேலின் டெல் அவீவ் நகரத்தைச் சுற்றி வந்தார். 5,000 வைஃபைகளின் தகவலைச் சேகரித்தார். அதில் சுமார் 70 சதவீத வைஃபைகளின் பாஸ்வேர்டை அவரால் உடைக்க முடிந்தது. பெரும்பகுதி எளிதாக விழுந்ததற்குக் காரணம், அங்கேயும் ஆட்கள் மொபைல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருந்ததுதான். நம்ம ஊர் பழக்கம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை!

நம்ம நாட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்திய மொபைல் நம்பர் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9-ல் ஒன்று. அதாவது அதிகபட்சம் 400 கோடி நம்பர்கள். கேமிங் கம்ப்யூட்டரில் போடும் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு, நொடிக்குப் பத்து லட்சம் வைஃபை பாஸ்வேர்டுகளுக்கு மேல் சோதித்துப் பார்க்கும். மொத்தத்தையும் முடிக்க ஒன்றே கால் மணி நேரம் போதும். அதுவும் உங்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. பைக்கில் போகிற போக்கில் சிக்னலைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் நிதானமாக உடைக்கலாம்.

பாஸ்வேர்டு தெரிந்தவர் உள்ளே வந்தால் என்ன செய்ய முடியும்? இன்றைக்கு வங்கி ஆப், ஜிமெயில் எல்லாமே மறையாக்கத்தோடுதான் போகின்றன. அதனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் ஓடிபி-யைப் படித்துவிடுவார் என்று பயமுறுத்துவதில் அர்த்தமில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆபீஸுக்குள்ளேயே ஷேர் பண்ணி வைத்திருக்கும் கணக்கு ஃபோல்டர், பாஸ்வேர்டே மாற்றாத சிசிடிவி பெட்டி, பிரிண்டர், அந்த ரவுட்டரின் அட்மின் பக்கம். இவை எல்லாம் "உள்ளே இருப்பவன் நம்ம ஆள்" என்ற நம்பிக்கையில் திறந்து கிடப்பவை.

அமெரிக்காவில் டிஜேஎக்ஸ் என்ற பெரிய கடைச் சங்கிலிக்கு இதுதான் நடந்தது. 2005-ல் ஒரு கிளைக் கடையின் பலவீனமான வைஃபை வழியாக நுழைந்தவர்கள், தலைமை அலுவலக கம்ப்யூட்டர் வரை போய்விட்டார்கள். 2007-ல் விஷயம் வெளியே வந்தபோது, குறைந்தது 4.5 கோடி கார்டுகளின் விவரம் போயிருந்தது.

சிலர் "நாங்க வைஃபை பேரையே மறைச்சு வெச்சிருக்கோம்", "மேக் ஐடி ஃபில்டர் போட்டிருக்கோம்" என்பார்கள். மறைத்த பெயரை இலவச ஆப்களே காட்டிவிடும். மேக் ஐடியை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இப்போதைய போன்கள் தாமாகவே மாற்றுகின்றன. இரண்டையும் மறந்துவிடலாம்.

ஆளுக்கொரு லாகின் எப்படி வேலை செய்கிறது?

அபார்ட்மென்ட் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவர் வருகிறார். வாட்ச்மேனுக்கு அவரைத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இன்டர்காமில் வீட்டுக்கு போன் போடுகிறார். "விடுங்க" என்றால் கேட்டைத் திறக்கிறார். "யாருன்னே தெரியாது" என்றால் திருப்பி அனுப்புகிறார். நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொள்கிறார்.

ஆபீஸ் வைஃபையில் வாட்ச்மேன் வேலையை ரவுட்டர் செய்கிறது. ரவுட்டர் செட்டிங்கில் 'டபிள்யூபிஏ2 பெர்சனல்' என்று இருந்தால், எல்லாருக்கும் ஒரே சாவி. 'டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ்' அல்லது 'டபிள்யூபிஏ3 என்டர்பிரைஸ்' என்று இருந்தால், ஆளுக்கொரு சாவி. ஒவ்வொருவரும் தன் பெயர், தன் பாஸ்வேர்டு போட்டு நுழைவார்கள். ரவுட்டர் அதைத் தானே முடிவு செய்யாமல், ஒரு சர்வரிடம் கேட்கும். அந்த சர்வருக்குப் பெயர் ரேடியஸ்.

இது புதுசா வந்த தொழில்நுட்பம் இல்லை. ரேடியஸ் 1991-ல், டயல்-அப் மோடம் காலத்தில் உருவானது. அதை நெட்வொர்க் வாசலில் பயன்படுத்தும் 802.1எக்ஸ் என்ற விதிமுறை 2001-ல் வந்தது. உலகப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் எடுரோம் வைஃபை இந்த அடிப்படையில்தான் ஓடுகிறது. ஒரு கல்லூரி மாணவர் இன்னொரு ஊர் கல்லூரிக்குப் போனாலும் தன் சொந்த ஐடியிலேயே வைஃபை எடுக்கலாம். அங்கே இருக்கும் சர்வர், அவருடைய கல்லூரி சர்வரைக் கேட்டுக்கொள்ளும். இந்தியாவில் இதை எர்னெட் நடத்துகிறது.

லாபம் எங்கே? பில் போடும் பெண் வேலையை விட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் பாஸ்வேர்டை மாற்றி, மிச்சம் ஏழு பேர் போன், லேப்டாப், பிரிண்டர் எல்லாவற்றிலும் திரும்பப் போட வேண்டும். அந்த வேலைக்குப் பயந்தே யாரும் மாற்றுவதில்லை. புது முறையில் அவர் பெயரை மட்டும் நீக்கினால் போதும். மற்றவர்களுக்கு எதுவும் தெரியக்கூடத் தெரியாது.

இன்னொன்று. பெர்சனல் முறையில், பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் அதே டபிள்யூபிஏ2 வைஃபையில் இன்னொருவர் இணையும் தருணத்தைப் பிடித்தால், அவருடைய போக்குவரத்தின் வைஃபை பூட்டைத் திறந்துவிட முடியும். என்டர்பிரைஸ் முறையில் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி என்பதால் அந்த வழி அடைபடுகிறது.

இதில் கிளவுட் எங்கே வருகிறது?

ரேடியஸ் இவ்வளவு பழசு என்றால் ஏன் சின்ன ஆபீஸ்களுக்கு வரவில்லை? காரணம் சர்வர். தனி கம்ப்யூட்டர், யுபிஎஸ், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஐடி ஆள். ஃப்ரீரேடியஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அருமையாக வேலை செய்யும். ஆனால் அதை நிறுவி நடத்த விஷயம் தெரிந்தவர் வேண்டும். எட்டு பேர் ஆபீஸுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

கிளவுட் முறையில் அந்த சர்வர் வேறொருவர் இடத்தில் இருக்கும். உங்களிடம் இருப்பது ரவுட்டர் மட்டும். ஆபீஸ் மெயிலுக்கு ஏற்கனவே கூகுள் வொர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 வாங்கியிருந்தால், அங்கே ஊழியர் பட்டியல் தயாராக இருக்கிறது. கிளவுட் ரேடியஸ் சேவை அந்தப் பட்டியலைப் பார்த்து "இவர் நம்ம ஆள்தானா" என்று ரவுட்டருக்குப் பதில் சொல்லும். மெயில் கணக்கை முடக்கினால், வைஃபையும் அதோடு நின்றுவிடும். சென்னையில் ஒரு கிளை, பொதட்டூர்பேட்டையில் ஒரு கிளை என்றாலும் ஒரே பட்டியல்தான்.

கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தாலே வைஃபை தானாக இணைந்துவிடாது. நடுவில் ஒரு ரேடியஸ் சேவை வேண்டும். அதற்குப் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா. ரவுட்டரைப் பொறுத்தவரை, நெட் கனெக்‌ஷனோடு கொடுக்கும் பெட்டிகள் பலவற்றில் என்டர்பிரைஸ் வசதி இருக்காது. டிபி-லிங்க் ஒமாடா, யூனிஃபை போன்ற சிறு தொழிலுக்கான கருவிகளில் இருக்கும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

சேவை தருபவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: "ராட்செக் இருக்கா?" ரேடியஸ் பழைய மோடம் காலத்து விதிமுறை என்றோமே, அதன் பாதுகாப்பும் அந்தக் காலத்தது. 2024 ஜூலையில் 'பிளாஸ்ட்ரேடியஸ்' என்ற ஓட்டையை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆபீஸுக்குள்ளேயே ரவுட்டரும் சர்வரும் பேசிக்கொண்டால் பரவாயில்லை. கிளவுட் என்றால் அந்தப் பேச்சு பொது இணையத்தில் போகிறது. ராட்செக் என்பது அந்தப் பேச்சை, வங்கி இணையதளம் பயன்படுத்தும் அதே வகைப் பூட்டுக்குள் வைத்து அனுப்பும் முறை.

போனில் வரும் அந்த ஒரு கேள்வி

இந்த இடத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் என்டர்பிரைஸ் வைஃபையை முதல்முறை இணைக்கும்போது, 'சிஏ சர்டிஃபிகேட்' என்று ஒரு வரி வரும். பழைய போன்களில் அதில் 'சரிபார்க்க வேண்டாம்' என்று ஒரு வாய்ப்பும் இருக்கும். அதை அழுத்தினால் உடனே கனெக்ட் ஆகிவிடும். எல்லாரும் அதைத்தான் அழுத்துவார்கள்.

அது என்ன கேட்கிறது? "வாட்ச்மேன் மாதிரி நிற்கிற இவர் உண்மையான வாட்ச்மேன்தானா என்று பார்க்கட்டுமா?" என்கிறது. நீங்கள் "பார்க்க வேண்டாம்" என்கிறீர்கள். இப்போ ஒருவர் உங்கள் ஆபீஸ் வைஃபை பெயரிலேயே ஒரு போலி வைஃபையை வாசலில் வைத்தால், உங்கள் போன் அதை நம்பி லாகின் விவரத்தை நீட்டும். பெயர், பாஸ்வேர்டு முறையில் அதிகம் பயன்படும் எம்எஸ்-சாப் வி2 என்ற பூட்டை 24 மணி நேரத்துக்குள் உடைக்கலாம் என்று 2012-லேயே டெஃப்கான் மாநாட்டில் காட்டிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். பழைய முறையில் திருடு போவது வைஃபை பாஸ்வேர்டு. இங்கே வைஃபைக்கும் மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால், திருடு போவது ஆபீஸ் மெயில். அதாவது, அரைகுறையாக அமைத்த என்டர்பிரைஸ் வைஃபை, ஒழுங்காக அமைத்த சாதாரண வைஃபையைவிட மோசம்.

புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் 'சரிபார்க்க வேண்டாம்' என்ற வாய்ப்பையே எடுத்துவிட்டார்கள். நல்ல வழி, பாஸ்வேர்டே இல்லாமல் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் போட்டுவிடுவது. இதற்கு ஈஏபி-டிஎல்எஸ் என்று பெயர். கிளவுட் சேவைகள் பல, ஒரு லிங்க் அனுப்பி, அதைத் தொட்டால் சான்றிதழ், செட்டிங் எல்லாம் தானே அமையும்படி செய்து தருகின்றன. ஊழியர் எதையும் டைப் செய்ய வேண்டாம். டைப் செய்யாத பாஸ்வேர்டை அடுத்தவருக்குச் சொல்லவும் முடியாது!

நெட் போனால் என்ன ஆகும்?

நியாயமான கேள்வி. ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுந்தது என்றால், ரவுட்டரால் கிளவுடைக் கேட்க முடியாது. புதிதாக யாரும் வைஃபைக்குள் நுழைய முடியாது. இணையம் வேண்டாத வேலைகூட, உதாரணமாக பக்கத்து அறை பிரிண்டருக்கு வைஃபை வழியாகப் பிரிண்ட் கொடுப்பதுகூட, நின்றுபோகலாம்.

எல்லை ஊரில் இதன் விலை அதிகம். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு ஆந்திராவுக்குள் போக இ-வே பில் வேண்டும். பில் போடும் கம்ப்யூட்டருக்கு நெட் இல்லையென்றால் லோடு ஏற்றிய வண்டி வாசலிலேயே நிற்கும். அதனால் பில் போடும் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வைஃபையில் விடாதீர்கள். கேபிள் போடுங்கள். மாற்று வழியாக ஒரு சிம் கார்டு ரவுட்டர் வைத்துக்கொள்வதும் உதவும். கடைசியாக இணைந்தவர்களைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி சில கருவிகளில் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் டிவி, மலிவு பிரிண்டர் போன்றவற்றுக்கு ஆளுக்கொரு லாகின் முறை பெரும்பாலும் தெரியாது. அவற்றைத் தனி வைஃபை பெயரில், தனிப் பாஸ்வேர்டில், கணக்கு கம்ப்யூட்டரைத் தொட முடியாதபடி பிரித்து வைக்க வேண்டும். வரும் வியாபாரிகளுக்கு இன்னொரு பெயரில் கெஸ்ட் வைஃபை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கொடுத்த அவகாசமும் 2022 செப்டம்பர் 25-ல் முடிந்துவிட்டது.

கிளவுட் ரேடியஸ் சேவையில் யார், எந்தக் கருவியில், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது போனார் என்ற பதிவு தானாகவே சேரும். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். ஆனால் அந்த நபர் எந்த இணையதளத்துக்குப் போனார் என்பதை ரேடியஸ் சொல்லாது. அதற்கு ரவுட்டர் அல்லது ஃபயர்வால் பதிவும் வேண்டும். இரண்டையும் நேரம் வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டியிருப்பதால், ரவுட்டரின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல ரவுட்டர்கள் இன்னும் 1970-லேயே நின்றுகொண்டிருக்கின்றன.

அவ்வளவு செலவு முடியாதுங்க என்றால்?

உண்மையிலேயே எட்டு பேர் ஆபீஸுக்கு மாதாமாதம் ஒரு சந்தா தேவையா என்பது யோசிக்க வேண்டியதுதான். ஆட்கள் அடிக்கடி மாறாத, குடும்பமே நடத்தும் கடைக்கு அவசரம் இல்லை. இருபது முப்பது பேர், இரண்டு கிளை, அடிக்கடி ஆள் மாற்றம் என்றால் கணக்கு மாறுகிறது.

நடுவழி ஒன்றும் உண்டு. சிறு தொழிலுக்கான வைஃபை கருவிகள் சிலவற்றில், ஒரே வைஃபை பெயருக்கு ஆளுக்கொரு தனிப் பாஸ்வேர்டு கொடுக்கும் பிபிஎஸ்கே என்ற வசதி இருக்கிறது. கிளவுடும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். ஒருவர் போனால் அவர் பாஸ்வேர்டை மட்டும் அழிக்கலாம். என்டர்பிரைஸ் அளவுக்கு உறுதி இல்லை. ஆனால் முதலாளி மொபைல் நம்பரைவிட எவ்வளவோ மேல்.

எதுவும் வாங்காமல் இன்றைக்கே செய்யக்கூடியதும் இருக்கிறது. ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பதாகவே இருந்தால் முதல் வேலை அதுதான். டபிள்யூபிஎஸ் பட்டன் வசதியை அணைத்துவிடுங்கள். கெஸ்ட் வைஃபையைத் தனியாக இயக்குங்கள். ஆபீஸ் வைஃபைக்கு நான்கைந்து சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்து நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். அதை கேஷ் டேபிளுக்குப் பின்னால் சுவரில் எழுதி ஒட்டாதீர்கள். அந்தச் சுவர், கடைக்கு முன்னால் நின்று எடுக்கும் செல்ஃபியில் விழுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.